வழியில் நிற்பவர்

படம் கழுத்து வரைக்கும்தான் வந்தது.

மண்டையோட்டின் வளைவு, இரண்டு கண்குழிகள், பல்வரிசை, தாடை எல்லாம் மேலிருந்து வரிவரியாக இறங்கி, கழுத்தெலும்பின் மூன்றாவது கணுவுக்கு வந்ததும் நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெறும் கறுப்பு. நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மாலை நாலே கால். வெள்ளிக்கிழமையும் நாலே கால்தான், சனிக்கிழமையும் நாலே கால்தான். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாததால் தெரியவில்லை. நெட் இழுப்பது ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் இப்படிக் கடிகாரம் பார்த்து இழுக்கும் நெட்டை அவள் கண்டதில்லை.

எக்ஸ்ரே படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர் அவள். மூன்று மருத்துவமனைகளிலிருந்து படங்கள் வரும். வீட்டின் கடைசி அறையில், தடித்த திரைச்சீலை போட்ட இருட்டில், இரண்டு பெரிய மானிட்டர்களுக்கு முன்னால் உட்கார்ந்து படிப்பாள். எலும்பு கதிரை மறிக்கும், அதனால் வெள்ளையாகத் தெரியும். காற்று மறிக்காது, அதனால் கறுப்பு. நடுவில் இருக்கிற சாம்பல் எல்லாம் சந்தேகம். சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். "கட்டின புருஷன்கூட உனக்குச் சாம்பல் கலர்லதான் தெரிவான்" என்று கப்பலில் இன்ஜினியராக இருக்கும் கணவன் கேலி செய்வான். அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது.

ஆனால் காரணம் இல்லாமல் அவள் அப்படி ஆகவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன், அவள் மருத்துவமனைக்கே போய் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் வீடு திரும்பியபோது வாசற்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மாளைக் காணோம். நாலு வயது மகள் நடையில், இருட்டில், தனியாக உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை. அன்றைக்கே அவள் வேலையை வீட்டுக்கு மாற்றிக்கொண்டாள். இனி என் பிள்ளையை யாரிடமும் விடமாட்டேன் என்று கணவனிடம் சொன்னாள், மாமியாரிடம் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். அந்தச் சொல்லைக் காப்பாற்றிக் கொடுத்தது இந்த நெட்தான்.

இப்போது அதற்குத்தான் ஆபத்து. அவசரப் படங்களுக்குத் தாமதமானதற்காக மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர் இரண்டு முறை எச்சரித்துவிட்டார். இன்னொரு முறை ஆனால் வீட்டு வேலை கிடையாது, நேரில்தான் வரவேண்டும் என்று பக்குவமாகச் சொல்லியிருந்தார். பக்குவமாகச் சொல்வதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

அவள் சேவை மையத்துக்கு போன் செய்தாள். ஒன்றை அழுத்தி, நான்கை அழுத்தி, மறுபடி ஒன்றை அழுத்தி, பதினோரு நிமிடம் ஒரே இசைத்துண்டைக் கேட்ட பிறகு ஓர் இளம் குரல் வந்தது.

"வணக்கம் மேடம், சொல்லுங்க மேடம்."

"நாலே கால் ஆனா நெட் படுத்துக்குதுங்க. தினமும்."

"நெட் பெட்டியை அணைச்சு, முப்பது செகண்ட் கழிச்சுப் போட்டுப் பாருங்க மேடம்."

"மூணு தடவை போட்டுப் பார்த்தாச்சு."

"எனக்காக நாலாவது தடவை போடுங்க மேடம்."

போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"டவர்ல இருந்து உங்க பெட்டி வரைக்கும் அருமையா வருது மேடம். பெட்டியில இருந்து உங்க கம்ப்யூட்டருக்குத்தான் வரலை. வீட்டுக்குள்ள ஏதோ தடுக்குது. நாளைக்கு ஆள் அனுப்புறேன்."

வீட்டுக்குள்ளே தடுக்க என்ன இருக்கிறது? ஹால் ஜன்னலோரம் பெட்டி. தெருக்கோடி டவரிலிருந்து காற்றிலேயே சிக்னல் வாங்கி வீட்டுக்குள் கொடுக்கும் வகை. அந்த ஜன்னலை விட்டு நகர்த்தினால் டவரே கிடைக்காது. ஹாலுக்கும் அவள் அறைக்கும் நடுவில் பன்னிரண்டடி நீளத்துக்கு ஜன்னலில்லாத ஒரு நடை. ஒருபக்கம் சமையலறைக் கதவு, மறுபக்கம் குளியலறைக் கதவு. நடை முடிகிற இடத்தில் அவள் அறைக்கதவு. ஹாலிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாமென்றால் அங்கே வெளிச்சம் அதிகம்; மெல்லிய முறிவு கண்ணுக்குச் சிக்காது. நீளமான வயர் ஒன்று கேட்டிருந்தாள், சனிக்கிழமைதான் வருமாம்.

தடுக்கவில்லை, யாரோ திருடுகிறார்கள் என்று அவள் முடிவு செய்தாள். முதலில் மாடி வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டாள், பாஸ்வேர்டை மாற்றினாள். பிறகு கணவனைச் சந்தேகப்பட்டாள். கேட்காமல் சின்ன திட்டத்துக்கு மாற்றிவிட்டானோ என்று கப்பலுக்கே செய்தி அனுப்பிக் கேட்டாள். கடைசியில் அந்த இளம் குரலையே சந்தேகப்பட்டாள். அன்று மாலை ஆறரைக்கு எல்லாம் தானாகச் சரியானது. சரியானதும் அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, ஆள் நாலு மணிக்கு வந்தார். நடுவயது, ஒல்லி, தோளில் கருவிப்பை. பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்த மகள் பால் தம்ளரோடு அவர் பின்னாலேயே சுற்றினாள். வீட்டில் அவளுக்குப் பொடிசு என்று பெயர். ஆறு வயதுக்கு அவள் சின்ன உருவம்தான். ஆனால் பிடிவாதத்தில் ஆறடி. அம்மாவைத் தவிர வேறு யார் தூக்கினாலும் கீழே இறக்கும்வரை கத்துவாள். பாயில் நட்டநடுவே கால் பரப்பி உட்கார்ந்தாளென்றால் அப்பாவுக்குக்கூட நகர்ந்து இடம் தரமாட்டாள்.

அவர் போனில் ஒரு எண்ணைக் காட்டினார்.

"இதுதான் மேடம் சிக்னல். நாப்பதுன்னா ராஜா மாதிரி ஓடும். எழுபதைத் தாண்டினா இழுக்கும். எண்பத்தஞ்சு வந்துட்டா கதை முடிஞ்சது. எண் ஏற ஏற மோசம்னு வெச்சுக்கங்க."

அவள் அறைக்குள் நின்று பார்த்தார். அறுபத்தேழு. அறைக்கதவை மூடித்தானே வேலை பார்ப்பீங்க என்று கேட்டு, தலையை ஆட்டிக்கொண்டார்.

"தேக்குக் கதவு மேடம். இதுவே எட்டு, பத்து தின்னுடும். திறந்து வைங்க. எல்லாக் கதவையும் திறந்து வைங்க. சிக்னல் வர்றதுக்கு நாமதான் வழி விடணும்."

"வேற என்ன தடுக்கும்?"

"தண்ணி. மீன்தொட்டி வெச்சா போச்சு. ஏன், மனுஷங்களே தண்ணிதானே? பாப்பா, நீ நடையில போய் நில்லு."

பொடிசு சமையலறைக் கதவருகே போய் ராணுவ வீரர்போல் நின்றாள். எண் மூன்று ஏறியது. பொடிசு கைகொட்டிச் சிரித்தாள். பிறகு அம்மாவை நிற்கச் சொன்னார், ஆறு ஏறியது. "பார்த்தீங்களா, ஆளுக்குத் தகுந்த மாதிரி" என்று அவர் பெருமையாகச் சொன்னார். அவளுக்கு அது பிடித்திருந்தது. கதிரும் நிழலும் அவளுக்குத் தெரிந்த பாஷை. இந்த மனிதரைச் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தாள்.

அப்போது மணி நாலே கால் ஆகியிருக்க வேண்டும். அவள் அறைக்குள் வந்துவிட்டாள், பொடிசு அறையிலிருக்கும் தன் பாய்க்கு வந்துவிட்டாள், அவரும் அறைக்குள்தான் நின்றார். நடை காலி. கதவு திறந்திருந்தது. அவர் கையிலிருந்த எண் பதினொன்று ஏறியது.

அவர் போனைத் தட்டிப் பார்த்தார். இடப்பக்கம் இரண்டடி நகர்ந்தார், எண் இறங்கியது. பழைய இடத்துக்கு வந்தார், ஏறியது. வலப்பக்கம் நகர்ந்தார். மறுபடி வந்தார். அப்புறம் கையைத் தாழ்த்தி, நடையை ஒரு தடவை பார்த்தார். சமையலறையிலிருந்து ஃபிரிட்ஜின் முனகல் எப்போதும் இந்த அறைக்குக் கேட்கும். குளியலறைக் குழாய் சொட்டுவதும் கேட்கும். அவை இரண்டும் அந்த நேரம் துணி போட்டு மூடியதுபோல் மங்கியிருந்ததை அவள் கவனித்தாள். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"சரிங்க மேடம், நான் ஆபீஸ்ல சொல்றேன்" என்றார் அவர். கையெழுத்து வாங்கவில்லை. நடையில் சமையலறைக் கதவருகே போகும்போது தோளைத் திருப்பி, முதுகைச் சுவரோடு ஒட்டி, மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு போனார். கருவிப்பையை ஹாலிலேயே மறந்து விட்டுவிட்டுப் போனவர் அதை எடுக்கத் திரும்பி வரவேயில்லை.

சரியான சோம்பேறி என்று அவள் மனதுக்குள் திட்டினாள்.

புதன்கிழமை காலை சேவை மையத்துக்கு மீண்டும் போன் செய்தாள். அதே இளம் குரல். புகாரை முடித்துவிட்டதாக அவன் சொன்னதும் அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"என்னத்த முடிச்சீங்க? வந்த ஆளு பையை விட்டுட்டு ஓடிட்டாரு."

"அவர் குறிப்பு எழுதியிருக்காரு மேடம். படிக்கட்டுமா?" அவன் தயங்கித் தயங்கிப் படித்தான். "கருவி நல்ல நிலையில் உள்ளது. நடையில் நிற்பவரை நகர்ந்து நிற்கச் சொல்லவும்."

"நடையில யாரும் நிக்கலையே."

"எழுதினதைத்தான் படிச்சேன் மேடம்."

"அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்க."

"இன்னிக்கு அவர் வேலைக்கு வரலை மேடம்."

இவர்கள் தங்கள் குறையை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். நிரூபிக்கிறேன் என்று கிளம்பினாள். அந்த ஆள் வைத்திருந்த அதே சிக்னல் அளக்கும் செயலியைத் தன் போனில் இறக்கிக்கொண்டாள். மதியம் இரண்டு மணிக்கு நடை முழுக்க அளந்தாள்; ஒரு குறையும் இல்லை. மூன்றரைக்கு அளந்தாள்; இல்லை. பொடிசு பள்ளியிலிருந்து வந்தாள், பாலை அப்புறம் குடிக்கிறேன் என்றாள், டேப்லெட்டில் பாட்டு போட்டுக்கொண்டு பாயில் படம் வரைய உட்கார்ந்தாள். வெயில் ஹாலில் மஞ்சளாகச் சாய்ந்து கிடந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

நாலே காலுக்கு ஃபிரிட்ஜின் முனகல் மங்கியது.

அவள் அறை வாசலுக்கு உள்ளே நின்று போனை முழங்கால் உயரத்தில் பிடித்து, இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தினாள். எண் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, இறங்கியது. இரண்டு தடைகள், நடுவில் ஓர் இடைவெளி. அறிக்கைத்தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டாள். இடுப்பு உயரத்தில் நகர்த்தினாள். ஒரே தடை, இடைவெளி இல்லை. மார்பு உயரத்தில் தடை இன்னும் அகலம். தன் தலை உயரத்திலும் அதே அகலம். நாற்காலி போட்டு ஏறினாள். கூரைக்கு அரையடி கீழே வரைக்கும் எண் இறங்கவில்லை. கூரையை ஒட்டிய இடத்தில் தடை முன்பக்கமாக, அறைப்பக்கமாக வளைந்திருந்தது. பக்கவாட்டில் சாய்ந்து மறுபடி ஒருமுறை அளந்தாள். தொழில் பழக்கம், ஒரு கோணத்தை நம்பிக் கையெழுத்துப் போடமாட்டாள்.

புள்ளிகளைக் கோட்டால் இணைத்தாள். கால்கள் இரண்டு. உடம்பு. தோள். கழுத்து என்று ஒன்று இல்லை. தோளிலிருந்து நேராகத் தலை, அந்தத் தலை கூரை இடிக்காமல் இருக்கக் குனிந்த மாதிரி. எத்தனை ஆயிரம் உடம்புகளின் நிழலைப் பார்த்தவள் அவள். இது நிழல் என்று அவளுக்குத் தெரிந்தது. எதன் நிழல் என்றுதான் தெரியவில்லை.

குழாய், என்று அவள் சத்தமாகச் சொன்னாள். சுவருக்குள் தண்ணீர்க்குழாய் வெடித்துக் கசிகிறது. மாடியேறிப் போய் மாடி வீட்டுக்காரரிடம் குழாய் வேலை ஏதாவது செய்தீர்களா என்று கேட்டாள். பேச்சுவாக்கில், எங்கள் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா என்றும் கேட்டுவிட்டாள்.

"பாஸ்வேர்டா? கீழ் வீட்டு நெட்டைத் திருடித்தான் நான் பொழைக்கணுமா?" என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். குழாய் வேலை ஒன்றும் செய்யவில்லையாம்.

இறங்கி வந்தபோது பொடிசு சமையலறையிலிருந்து அறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நடை முடிவில், அறை வாசலுக்கு முன்னால், தம்ளரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு பக்கவாட்டாக நுழைந்தாள். கூட்டத்துக்குள் போகிறவள்போல.

"ஏண்டி அப்படிப் போற?"

"இடிச்சா பால் கொட்டிரும்ல."

"எதை இடிச்சா?"

பொடிசு அவளை அப்பாவியாகப் பார்த்தாள். இதுகூடவா தெரியாது என்பதுபோல் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள். 

நேற்று அந்த ஆள் சுவரோடு ஒட்டிப் போனது சமையலறைக் கதவருகே. இன்று அறை வாசலுக்கு ஓரடி முன்னால். நேற்று வரைக்கும் இந்தக் கதவு மூடியே இருந்தது. திறந்து வைத்தது அவள்.

வியாழக்கிழமை மூன்றரைக்கே பள்ளிக்குப் போய்ப் பொடிசைக் கூட்டி வந்தாள். ஒருநாள் விடுப்பு கேட்டிருந்தாள். மாற்று டாக்டர் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். நாலு மணிக்குப் பொடிசையும் உள்ளே வைத்து அறைக்கதவை மூடித் தாழிட்டாள். எண் எழுபத்தெட்டுக்குப் போனது. இழுக்கும். இழுத்தாலும் பரவாயில்லை. மானிட்டர்களுக்கு மேலாகக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பொடிசு முதுகுக்குப் பின்னால், பின்சுவரோரப் பாயில், வண்ணக்குச்சிகளைக் கொட்டிக்கொண்டு வரைந்துகொண்டிருந்தாள். காகிதத்தில் குச்சி உரசும் சத்தம். டேப்லெட்டில் வாத்துப் பாட்டு. மெழுகு வாசனை. தன் பிள்ளை தன் பின்னால் இருக்கிறது, எது வந்தாலும் நடுவில் நானிருக்கிறேன் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நாலு பத்துக்கு ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார்.

"டாக்டர், பஸ் கவிழ்ந்திருச்சு. அஞ்சு பேரோட கழுத்துப் படம் வருது. ஒரு பெண்ணை மேசையில படுக்க வெச்சுட்டு ஆபரேஷனுக்குக் காத்திருக்காங்க. கழுத்து முறிஞ்சிருக்கான்னு நீங்க சொன்னாத்தான் கை வைப்பாங்க. ரெண்டு நிமிஷம் டாக்டர்."

"அனுப்புங்க."

"இன்னிக்கு மட்டும் தாமதம் ஆச்சுன்னா..."

"தெரியும். அனுப்புங்க."

மண்டையோட்டின் மேல்விளிம்பு தெரிந்தது. நெற்றி. வட்டம் சுற்றியது. எண் எண்பத்து நான்கு. அங்கே ஒரு பெண் மேசையில் கிடக்கிறாள். இங்கே கதவு.

அவள் எழுந்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். மரத்தில் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. ஃபிரிட்ஜ் கேட்கவில்லை. குழாய் கேட்கவில்லை.

திறந்தாள்.

நடை காலியாக இருந்தது. அந்தக் கோடியில் ஹாலின் மஞ்சள் வெளிச்சம். பெட்டியின் பச்சை விளக்கு. அவள் கண்ணை எடுக்காமல் பின்னோக்கி நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எண் எழுபத்தாறு. கண்குழிகள் வந்தன. பல்வரிசை. தாடை. நின்றது.

சேவை மையத்தின் இசை. ஒன்று, நான்கு, ஒன்று. இந்த முறை உடனே எடுத்தார்கள். அதே குரல். பழக்கமான ஒரு மனிதக் குரலைக் கேட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தம்பி, ஒரு உயிர் தொங்கிட்டிருக்கு. ஏதாவது பண்ணுங்க."

"லைன்லயே இருங்க மேடம். இங்க இருந்து பார்க்குறேன்... உங்க கம்ப்யூட்டர் எழுபத்தாறுல இருக்கு. எழுபத்தொன்பது. மேடம், முன்னாடி யாராவது வந்து நிக்கிறாங்களா?"

"இல்லை."

"எண்பத்திரண்டு. ரொம்பப் பக்கத்துல ஏதோ இருக்கு மேடம்."

மேசைக்கு அந்தப்பக்கம் ஒன்றுமில்லை. மானிட்டருக்கு மேலே ஒன்றுமில்லை. ஹால் வெளிச்சம் மட்டும். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எண்பத்து நாலு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மேடம்! நாப்பத்தொண்ணு! பாருங்க, பாருங்க."

கண்ணைத் திறந்தாள். படம் மடமடவென்று இறங்கியது. கழுத்தின் ஏழு கணுக்களும், தோளெலும்பும், விலா எலும்புகளின் தொடக்கமும், எல்லாம் பளிச்சென்று. அடுத்த படம். அதற்கடுத்தது. இந்த வீட்டில் இவ்வளவு வேகத்தை அவள் பார்த்ததே இல்லை. கழுத்தில் முறிவு இல்லை. முறிவு இல்லை, முறிவு இல்லை, ஆபரேஷன் செய்யலாம் என்று தட்டி அனுப்பினாள். ஃபிரிட்ஜின் முனகல் தெளிவாகக் கேட்டது. குழாய் சொட்டுவது சொட்டுச் சொட்டாகக் கேட்டது. அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"என்ன தம்பி பண்ணீங்க?"

"நான் ஒண்ணுமே பண்ணலை மேடம். தடுத்துட்டிருந்தது நகர்ந்துருச்சு போல."

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது.

"எங்க நகர்ந்துச்சு?"

"அது எனக்கு எப்படித் தெரியும் மேடம்? உங்களுக்கும் பெட்டிக்கும் நடுவுல இப்ப எதுவும் இல்லை. அவ்வளவுதான்." விசைப்பலகைச் சத்தம். "உங்க வீட்டுல ஒரு டேப்லெட்டும் ஓடுது, இல்லையா? இவ்வளவு நேரம் அதுவும் உங்களுக்குச் சமமாத்தான் இருந்துச்சு. இப்ப அது மட்டும் தனியா மோசமாகுது."

குச்சி உரசும் சத்தம் கேட்கவில்லை.

"அறுபத்தெட்டு, மேடம்."

வாத்துப் பாட்டு கேட்டது. தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல. பிறகு அதுவும் நின்றது.

"அம்மா, எனக்கும் வட்டம் சுத்துது" என்றாள் பொடிசு. குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் இருந்தது. நாலடி தூரத்தில் இருக்கிற பிள்ளை.

அவளால் திரும்ப முடியவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. கண் மட்டும் மானிட்டருக்குப் போனது. படத்தின் ஓரத்தில் அகலமாகக் கறுப்பு. கறுப்பில், கண்ணாடியில்போல, முதுகுக்குப் பின்னால் இருந்த அறை தெரிந்தது. பாய் தெரிந்தது. பொடிசு பாயின் நடுவில் இல்லை. ஓரத்தில், சுவரோடு ஒண்டி, முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மீதிப் பாய் முழுக்கக் காலி. மடியில் டேப்லெட். அதில் சின்ன வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"நகர்ந்துட்டேன்ல, போதுமா?" என்றாள் பொடிசு.

அம்மாவிடம் சொல்லவில்லை. பொடிசு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே. இன்னும் மேலே. கூரை வரைக்கும்.

"எழுபத்தொன்பது. மேடம், இருக்கீங்களா?"

பொடிசு டேப்லெட்டைப் பாயில் வைத்தாள். இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். அம்மாவிடம் மட்டும் அவள் தூக்குகிற மாதிரி. தூக்கு என்று கேட்கிற மாதிரி.

"வேண்டாம்" என்றாள் அவள்.  நாற்காலி சாய்ந்து விழுந்தது. திரும்பினாள்.

"எண்பத்தஞ்சு" என்றது போன். "டேப்லெட் போயிடுச்சு, மேடம்."

பொடிசின் கன்னம் காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது, தோளில் சாய்ந்திருப்பதுபோல. கைகள் எதையோ வளைத்துப் பிடித்திருந்தன. தூக்கம் வருகிற பிள்ளையின் கண்கள் பாதி மூடியிருந்தன. அவளுடைய இரண்டு பாதங்களும், அம்மாவின் கை எட்டாத உயரத்தில், மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.